தளரக் கட்டிய கம்பளம்

தேநீருக்கு நன்றி, ஐயா. எங்கள் வீட்டில் இவ்வளவு சர்க்கரை போடமாட்டோம். ஆனாலும் சூடாக இருக்கிறது, அது போதும். நீங்கள் கேட்டது அந்தக் கம்பளத்தைப் பற்றி. அதைச் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் இந்தக் கோச்கோர் ஊர் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. கம்பளியை வெந்நீரில் நனைத்து, கோரைப்பாயில் சுருட்டி, மிதித்து மிதித்து விரிப்பாக்கும் வேலையைப் பதினேழு வருடமாகச் செய்கிறேன். என் மாமியார் வீட்டில் தரையில் கிடப்பது, சுவரில் தொங்குவது எல்லாம் என் கால் பட்டவைதான்.

மாமியாரின் பெயரை நான் சொல்லமாட்டேன். மருமகள் வாயில் அது வரக்கூடாது. உங்கள் தாளில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

என் கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவருடைய தம்பி எர்னிஸ் போன இலையுதிர்காலத்தில் மீரிமைக் கல்யாணம் செய்து கொண்டுவந்து விட்டுவிட்டு, வேலைக்கு ரஷ்யா போனான். எங்கள் பக்கம் பெற்றோர் வீடு கடைக்குட்டிக்குத்தான். அது எனக்கு வாழ வந்த நாளிலிருந்தே தெரியும். தெரிந்திருப்பது வேறு, ஒருத்தி பெட்டியோடு வாசலில் வந்து இறங்குவதைப் பார்ப்பது வேறு.

அவள் பெட்டியோடு ஒரு வில்லும் வந்தது. மாவட்டத்துக்காகப் போட்டிகளில் எய்தவளாம். முற்றத்தில் வைக்கோல் கட்டு ஒன்றை நிறுத்திவைத்து எய்தாள். இரண்டே நாளில் வைக்கோல் பொலபொலவென்று உதிர்ந்து, அம்புகள் பின்னால் இருந்த கல்லில் பட்டு முறிந்தன. அழுதுகொண்டு நின்றாள். எனக்கு மனது கேட்கவில்லை. அந்த நேரத்தில் அது உண்மையான இரக்கம்தான், இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு பாப்ளார் மரக் கம்புகளைத் தொழுவ வேலிக்கு முன்னால் நட்டேன். மேலே ஒரு குறுக்குக் கட்டை. பழைய கூடாரக் கம்பளங்களில் நல்லதாக நான்கைப் பொறுக்கி, ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கவிட்டேன். முதலில் காற்றில் ஆடக்கூடாது என்று நான்கையும் அடியில் சேர்த்துத் தைத்து, முளை அடித்து விறைப்பாக இழுத்துக் கட்டினோம். மீரிம் எய்த முதல் அம்பே நான்கையும் துளைத்து, விளாரால் பின்னிய தொழுவ வேலியையும் தாண்டிப் போய்ச் சாணத்தில் குத்திக்கொண்டது. தையலைப் பிரித்தேன். அடிப்பக்கத்தைக் கட்டாமல் தளர விட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டேன். அவ்வளவுதான் வித்தை. கம்பளம் அம்போடு கொஞ்சம் பின்னால் போகும், அம்பின் வேகம் செத்துவிடும். அதன்பிறகு மூன்று மாதத்தில் ஓர் அம்புகூட அந்தப் பக்கம் வரவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், தினமும் காலையில் அவள் எய்யும்போது நான் அந்த வேலிக்குப் பின்னால்தான் உட்கார்ந்து பசு கறந்தேன்.

அத்தைக்கு ஒரே பெருமை. "ஊல்கான், நீ மிதிச்ச கம்பளத்துல பீரங்கி குண்டே போகாதுடி. உன் காலா அது, உலக்கை" என்பார். மீரிம் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். நல்ல வீடு அது.

ஏப்ரல் கடைசியில், ரொட்டியில் பாலாடை தடவி என் கையில் கொடுத்தபடி அத்தை சொன்னார்: "எர்னிஸ் வர்றானாம்மா. வந்தா சின்னஞ்சிறுசுங்க தனியா இருக்கட்டும். நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போயிடேன். உனக்கும் பாவம், எத்தனை நாள்தான் எங்களுக்கு உழைப்ப?"

அன்பாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். "சரி அத்தை" என்றேன். ரொட்டியையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

நான் நினைத்தது இவ்வளவுதான், ஐயா. தொழுவத்தில் ஆடுகள் இருக்கின்றன. ஓர் ஆட்டின் மேல் அம்பு பட்டால் அத்தைக்குக் கோபம் வரும். வில்லை அடுப்பில் போடுவார். மீரிம் முகத்தைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவாள். ஒரு ஆடு போனால் போகிறது. அதனால் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நான்கு கம்பளங்களையும் அடியில் சேர்த்துத் தைத்தேன். முளை அடித்து இழுத்தேன். தட்டிப் பார்த்தால் தப்பட்டை மாதிரி சத்தம் வந்தது.

மறுநாள் காலை மீரிம் பார்த்துவிட்டாள். "என்னக்கா, மறுபடியும் இழுத்துக் கட்டியிருக்கீங்க?"

"காத்து ஜாஸ்தியா இருக்குடி. உள்ளே இன்னும் ரெண்டு வச்சுத் தைச்சிருக்கேன். போகாது."

"நீங்க சொன்னா சரிதான்" என்று வில்லை எடுத்தாள். ஒரு கேள்வி, ஒரு பதில். அவ்வளவில் முடிந்துபோனது.

அத்தையின் மேல் பட்டது இரண்டாவது அம்பு என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். சரிதான். முதலாவது கம்பளத்துக்கு மேலே போனது.

அவள்தான் முதலில் ஓடினாள். அத்தையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "நான்தான், நான்தான்" என்றாள். உங்களிடமும் அதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எர்னிஸ் வந்தான். அம்மாவை அடக்கம் செய்தான். வீட்டில் தங்க மனமில்லாமல் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறான். இங்கே அடைபட்டிருக்கிற மீரிமை இன்னும் வந்து பார்க்கவில்லை. இப்போது வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். நான் விரும்பியபடியேதான் எல்லாம் நடந்திருக்கிறது. சோறு இறங்கவில்லை.

நேற்று அவளுக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். வில்லிழுக்கும் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. சுவரில் அடித்தே உடைத்துக்கொண்டாளாம்.

"அக்கா, கம்பளத்துல தப்பில்ல. நீங்க கட்டினா தப்பே வராது. நான்தான் அன்னைக்கு வில்லை ரொம்ப இழுத்துட்டேன். என்னை மன்னிச்சுடுங்க" என்றாள்.

ராத்திரி முழுக்க அந்தக் குரல்தான் கேட்டது. என்னால் தாங்க முடியவில்லை, ஐயா. அதனால்தான் வந்தேன். அவளை விட்டுவிடுங்கள். அவள் ஒன்றும் செய்யவில்லை. தைத்தது நான், பொய் சொன்னது நான். ஆடு ஒன்று சாகட்டும் என்று நினைத்த பாவம் என்னுடையது.

என்ன கேட்டீர்கள்? அந்த நேரத்தில் தொழுவத்தில் எத்தனை ஆடுகள் இருந்தன என்றா?

ஒன்றுகூட இல்லை. ஊர் மந்தையோடு விடியும்போதே போய்விட்டன. படலைத் திறந்து ஓட்டிவிட்டது நான்தான். பசு மட்டும் இருந்தது, எப்போதும் கட்டுகிற முளையில். கறக்க உட்கார்ந்தால் தலை எந்த உயரத்தில் வரும் என்பது, பதினேழு வருடம் அங்கே உட்கார்ந்த எனக்குத் தெரியாதா? "மணிக்கட்டு வலிக்குது அத்தை, இன்னைக்கு ஒரு நாள் நீங்க கறந்துடுங்க" என்றேன். பாவம், என் கையில் எண்ணெய் தேய்த்துவிட்டுத்தான் செம்பை எடுத்துக்கொண்டு போனார்.

எழுதிக்கொள்ளுங்கள். என் மணிக்கட்டில் வலி எதுவும் இல்லை.