சேலைத் துணியில் கட்டிய படங்கள்

குற்றாலத்திலிருந்து தென்காசி போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஓர் அம்மாளும் அவருடைய தம்பியும் இருந்தார்கள். காலடியில் ஒரு ட்ரங்குப் பெட்டி.

“எக்கா, மெட்ராஸ் ஓவியக்கூடத்துல அத்தான் வரைஞ்ச படத்தைத்தான கேக்காவ? கிழிஞ்ச சேலையையும் சேத்து அனுப்புதியே, சிரிக்கப் போறாவ!”

“ஏலே, தீப்பெட்டிப் படம், காலண்டர் படம் எல்லாத்தையும் வருச வாரியா வைக்கணுமாம். ஒங்க அத்தான் எதுலயாவது தேதி போட்டாவளா?”

“அதுக்குச் சேலை எதுக்கு?”

“அந்தந்த வருசம் கிழிஞ்ச என் சேலையிலதான அவிய படத்தைக் கட்டி வைப்பாவ. பச்சைன்னா மூத்தவ பொறந்த வருசம். கத்திரிப்பூ நெறம்னா மேலகரத்துக்குக் குடிவந்த வருசம்.”

“அது ஒனக்குத் தெரியும். அங்கன உள்ளவனுக்கு?”

“ஒவ்வொண்ணுலயும் துண்டுத் துணியில வருசத்தை எழுதித் தச்சிருக்கேன்லா.”

தம்பி சிரித்தார். “வெள்ளைத் துணியில ஒரு கட்டு இருந்துச்சே, அது எந்தச் சேலை?”

“அது சேலை இல்லலே. கடைசியா வரைஞ்சது மேசையிலேயே கெடந்துச்சு. நான்தான் அவிய வேட்டியைக் கிழிச்சுக் கட்டினேன்.”

ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து, பஸ்ஸின் தரை நனைந்திருந்தது. தம்பி குனிந்து பெட்டியைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.