சிவப்பு லாரிக்கு நான் கண்ட விளக்கம்

எனக்கு ஒரு டீ போடக்கூட வராது, ஐயா. வீட்டில் எல்லாம் அக்காதான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது எனக்குப் பத்து வயது. தனக்கு ஒரு கல்யாணம், குடும்பம் என்று நினைக்காமல் என்னை ஆளாக்கினாள். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன்.

வேலை முடிந்து வந்தால் முன்னறையில் வேதபாடம் எடுப்பேன். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் மட்டும்தான். மிருகம் யார், வலுசர்ப்பம் யார், சூரியனை உடுத்திய பெண் யார் என்று சொல்வேன். அறை நிறைய ஆட்கள் வந்த காலமும் உண்டு. அவரவருக்குத் தெரிந்தவர்களையே நான் அடையாளம் காட்டத் தொடங்கியதும் ஒவ்வொருவராக நழுவினார்கள். மேலதிகாரிதான் மிருகம் என்று ஒருவரிடம் சொன்னேன். அவர் அதை ஆபீசில் போய்ச் சொல்லிவிட்டார், வேலை போய்விட்டது. பாஸ்டர் வீடு தேடி வந்தார்.

"அடையாளத்தைக் கொண்டுபோய் அக்கம்பக்கத்து ஆளுங்க மேல ஒட்டாதீங்க தம்பி, வம்பாயிடும்" என்றார்.

பெரிய மனுஷர், தலையாட்டி வைத்தேன். கடைசியில் அக்கா மட்டும் எதிரே உட்கார்ந்து கேட்டாள், பாதி நேரம் தூங்கி வழிந்துகொண்டே. எனக்கு அது போதுமாக இருந்தது.

அப்போதுதான் தண்ணீர் லாரிக்காரர் வந்தார். மனைவியை இழந்தவர். எங்கள் நிலத்தடித் தொட்டியை நிரப்ப வந்தவர், நிரம்பிய பிறகும் வாசலில் நின்று அக்காவோடு பேசிக்கொண்டிருப்பார்.

"என்னைக் கட்டிக்கிறேன்னு சொல்றார்டா தம்பி. எனக்கும் ஆசையாத்தான் இருக்கு" என்றாள் அக்கா. முகமெல்லாம் சிரிப்பு. அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. வயிறு எரிந்தது, ஐயா, மறைக்க என்ன இருக்கிறது.

பன்னிரண்டாம் அதிகாரத்தை எடுத்தேன். ஏழு தலையும் பத்துக் கொம்பும் உள்ள சிவப்பான வலுசர்ப்பம் ஒரு பெண்ணைத் துரத்துகிறது, வாயிலிருந்து வெள்ளத்தைக் கக்குகிறது. அவருடைய லாரி சிவப்பு. ஏழு தலைக்குக் கணக்குப் பார்த்தேன். அவர்கள் அண்ணன் தம்பி ஏழு பேர். பத்துக் கொம்பு மட்டும் எதிலும் பொருந்தவில்லை, அதை விட்டுவிட்டேன்.

அக்காவிடம் சொன்னேன். "போடா லூசு" என்று துணி மடிக்கப் போய்விட்டாள்.

பூமி வாயைத் திறந்து அந்த வெள்ளத்தை விழுங்கி, பெண்ணுக்கு உதவும் என்று அந்த அதிகாரம் முடிவையும் சொல்லியிருக்கிறது. அக்கா வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில், தொட்டியில் சேறு தங்கியிருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். "நம்ம வீட்டுத் தொட்டிதானே, நானே பாத்துடறேன்" என்று சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். இரும்பு மூடியை மூடினேன். தண்ணீர் விடும் துவாரம் தனியாக இருக்கிறது. அதில் லாரிக் குழாயைச் சொருகித் திறந்துவிட்டேன். பிறகு மூடியின் மேல் உட்கார்ந்தேன்.

"மச்சான், மூடி விழுந்துடுச்சு. கொஞ்சம் தூக்குங்க" என்று கீழிருந்து தட்டினார். கடைசிவரை அது தானாக விழுந்தது என்றே நினைத்தார் போலிருக்கிறது. நல்ல மனுஷர்.

லாரி சிவப்பாக இல்லாவிட்டால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டீர்கள். வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஆறாம் அதிகாரத்தில் குதிரைகள் இருக்கின்றன, ஐயா. எதையாவது தேடி எடுத்திருப்பேன். அக்கா போய்விட்டால் அந்த வீட்டில் நான் ஒற்றை ஆள். அதற்குத்தான் கொன்றேன்.

அக்கா இனி என் முகத்தில் விழிக்கமாட்டாள் என்று சொல்கிறீர்கள். வருவாள், ஐயா. அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?