பாண்டிசெல்விக்காகக் கூடிய கூட்டம்

எனக்குப் படம் எடுக்க நன்றாக வரும், மேடம். எவ்வளவு சுமாரான முகமாக இருந்தாலும் ஜன்னல் பக்கம் லேசாகத் திருப்பி உட்காரவைத்தால் போதும், ஒரு களை வந்துவிடும். ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் ஸ்டூடியோவில் பாண்டிசெல்வியை அப்படித்தான் எடுத்தேன், மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டுவதற்காக.

சுந்தரபாண்டியத்துப் பெண், நூல் மில்லில் வேலை. ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போன அவள் அம்மா வெள்ளத்தாயிடம், "எவன்கூடயாவது போயிருப்பா, வந்துருவா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. நிஜமான கோபம், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் எடுத்த படத்தைப் போட்டு 'பாண்டிசெல்வி எங்கே?' என்று ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் ஆரம்பித்தேன். முந்தின நாள் சூப்பர்வைசர் பொன்னுராஜ் அவளைத் திட்டினார் என்று யாரோ சொன்னதையும் எழுதினேன். திட்டினார் என்று மட்டும்தான். மிச்சத்தைப் படித்தவர்களே எழுதிக்கொண்டார்கள்.

அந்த வாரத்தை எப்படிச் சொல்ல. பல் துலக்கும்போதுகூட ஃபோன் அதிர்ந்துகொண்டே இருந்தது. சிங்கப்பூரிலிருந்து ஒருவர் என்னைத் 'தோழர்' என்றார். பஸ்ஸில் ஒரு பெண் என் பதிவைப் பக்கத்து சீட்டுக்கு வாசித்துக் காட்ட, நான் பின்னால் உட்கார்ந்து சிரிப்பைத் துப்பட்டாவில் ஒளித்துக்கொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் கூட்டம் கூடி என் கையில் மைக்கைக் கொடுத்தபோது கால் தரையில் பாவவில்லை. மில்காரர்கள் இறங்கி வந்தார்கள். பெண்களை வீட்டில் விட வண்டி, கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள், புகார் சொல்ல ஒரு குழு. எல்லாம் இப்போதும் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

அப்போதுதான் பாண்டிசெல்வி முகத்தை மூடிக்கொண்டு ஸ்டூடியோவுக்குள் வந்தாள்.

"கல்யாணம் வேண்டாம்னுதான் திருப்பூருக்குப் போனேன், விஜியக்கா. கூட்டாளி ரூம்ல இருந்தேன். ஃபோனை அமத்தி வச்சிருந்தேன், இப்பத்தான் பாத்தேன். சூப்பர்வைசர் அண்ணாச்சி காலை ஒடச்சிட்டாங்களாமே. பாவம்க்கா, அவிய ஒண்ணும் செய்யல."

"அம்மாவப் பாத்தியாட்டி?"

"இல்லக்கா. மொதல்ல உங்ககிட்டதான் வாரேன். நான் உசுரோட இருக்கேன்னு ஒரு வீடியோ போட்டுருங்க."

முதலில் என்னிடம் வந்தாள், பாருங்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இங்கே வெளிச்சம் போதாது, பிளவக்கல் அணைப் பக்கம் போவோம் என்றேன். ஸ்கூட்டரில் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு போனோம். கூட்டத்தைப் பற்றிக் கேட்டுக் கேட்டு வெட்கப்பட்டாள். "எனக்காகவாக்கா அம்புட்டுப் பேரும்?"

மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் அவளைத் தொடவே இல்லை, மேடம். தண்ணீர் ஓரம் பாசி பிடித்த கல்லில் நிறுத்தி, ஃபோனில் பார்த்தபடி, "இன்னும் செத்தப் பின்னால போட்டி" என்றேன். போனாள். "இன்னும் செத்த." மறுபடியும் போனாள். நல்ல பிள்ளை, சொன்னதைக் கேட்பாள்.

உடல் கிடைத்த அன்று ஊரே திரண்டது. காணாமல் போன அன்றே கொன்றிருப்பார் என்று பொன்னுராஜை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கைது செய்தார்கள். வெள்ளத்தாய் என் தோளில் சாய்ந்து அழுததை எங்கெங்கோ இருந்து நேரலையில் பார்த்தார்கள். கடைசியாக எடுத்த அந்த வீடியோவை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. அவ்வளவு அழகான வெளிச்சம். என் ஃபோனில் நீங்கள் பார்த்தது அதைத்தான்.

அவள் உயிரோடு திரும்பியிருந்தால், அடுத்து ஒரு பெண் காணாமல் போகும்போது யார் நம்புவார்கள்? நான் யோசித்தது அந்தப் பெண்களைப் பற்றித்தான்.

நீச்சல் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும், கண்மாயில் குதித்து வளர்ந்தவள் நான். அவள் கையும் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஆனால் என் கையில் ஃபோன் இருந்ததே, மேடம்.