முதல் கை இனாம்

— தோலை உரிச்சாப் போயிருமாங்க அம்மிணி?

— என்னங்க கவுண்டரே கேக்கறீங்க? எந்தத் தோலை?

— எம்புள்ள கைத்தோலை. நீங்க பச்சை குத்துன எடத்தை மட்டும். போயிரும்னா சொல்லுங்க. அவ ஆத்தா கண்ணை மூடிக்கிட்டுப் புடிச்சுக்கறேங்கறா.

— ஐயோ சாமி! வந்ததும் வராததுமா இப்பிடியா பேசுவாங்க? உக்காருங்க மொதல்ல. சந்தைக்குச் சந்தை எத்தனையோ கையப் பாக்கறேன், எந்தப் புள்ளைன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?

— போன மாசம், இதே சேந்தமங்கலம் சந்தைங்க. இதே புளியமரம். பலாப்பழத்தை வித்துப்போட்டு, புள்ளைய இங்க உக்காத்தி வெச்சுட்டு உப்பு வாங்கப் போனேன். திரும்பி வந்து பாக்கறேன், முழங்கைக்குக் கீழே தேளு ஒண்ணு வாலைத் தூக்கிக்கிட்டு நிக்குது. காசு எவ்வளவுன்னேன். இனாம்னுட்டீங்க.

— அட, அத்தாயிங்கற புள்ளையா! ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத கண்ணாச்சே அது! ஏனுங்க, இங்க வாங்க. அந்தக் கொல்லிமலைப் புள்ளையோட அப்பா வந்திருக்காரு.

— வாங்க வாங்க! பேரு என்ன சொன்னீங்க அன்னைக்கு, சென்றாயன்தானே? கேளுங்க கவுண்டரே, உங்க மக கை இருக்குதே, அது ராசிக் கை. அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாப்பாயிக்கு ஊசியக் கீழே வெக்க நேரமில்ல. எல்லாம் இந்த நல்லமுத்து மூளையில உதிச்ச யோசனை.

— கொஞ்சம் கம்முனு இருங்க. அவரு மொகத்தைப் பாத்துட்டுப் பேசுங்க.

— ஏன், என்னாச்சு? கை சீழ் புடிச்சிருச்சா?

— சீழ் புடிச்சது நாங்க செஞ்சதுலதானுங்க. சுண்ணாம்பு வெச்சுத் தேச்சோம். எருக்கம்பாலு வெச்சோம். தோலு வெந்துபோச்சு. புண்ணு ஆறுனதும் பாத்தா, அடியில அதே தேளு. வாலு மட்டும் கோணிக்கிச்சு.

— அடக் கொடுமையே! பச்சப்புள்ள கைக்கு எருக்கம்பாலா? ஏங்க இப்பிடிப் பண்ணுனீங்க?

— எங்க மலையில ஒடம்புல பச்சை குத்தக் கூடாதுங்க. குத்துனவங்க ஊட்டுக்குள்ள வரப்படாது. அடுப்பைத் தொடப்படாது. கோயில் எல்லைய மிதிக்கப்படாது.

— அதெப்பிடி? பச்சமலைக்காரங்களும் உங்க சனந்தானே? தை மாசம் அங்க ஊரு ஊராப் போயிக் குத்துனோம். கெழவிங்கல்லாம் நான் முந்தி நீ முந்தின்னு வந்து உக்காந்தாங்களே!

— பச்சமலையில குத்துவாங்க. கொல்லிமலையில குத்தமாட்டோம்.

— ஏன்?

— அது எனக்குத் தெரியாதுங்க. எங்கப்பனுக்கும் தெரியாது. குத்தமாட்டோம், அவ்வளவுதான்.

— கேளுங்க கவுண்டரே, இதை எங்களுக்கு யாரு சொன்னா? சந்தைக்கு எறங்கி வர்ற உங்க சனத்தை நான் பாத்துக்கிட்டே இருப்பேன். ஆம்பள, பொம்பள, ஒருத்தர் கையிலயும் ஒரு புள்ளி பச்சை கெடையாது. அடேங்கப்பா, இத்தனை வெறுங்கையா, எவனும் இன்னும் போயித் தொடாத மலை, இனி அம்புட்டும் நமக்குத்தான்னு நெனச்சேன். யாவாரம்னா அப்பிடித்தான் தோணும்.

— தோணுச்சு! ஏன் வெறுங்கையா இருக்குதுன்னு ஒருத்தரையாவது கேட்டீங்களா?

— நீ மட்டும் கேட்டியா புள்ள? ஊசி உன் கையிலதான இருந்துச்சு?

— இருந்துச்சு. கேக்காமக் குத்துனது நாந்தான்.

— சந்தையில வேற கையே இல்லீங்களா? எம்புள்ளைய ஏன் புடிச்சீங்க?

— மறைக்காமச் சொல்றேன் கவுண்டரே. ஊருக்குப் புதுசா வந்த கடைன்னா நாலு பேருக்குத் தெரியணும். தமுக்கு அடிக்கச் சொன்னா கூலி கேக்கறான். நோட்டீசு அடிக்கச் சேலம் போவணும், அடிச்சாலும் அதை வாசிக்கறவன் எவன்? நாமக்கல்லுல டீத்தூள்காரன் வண்டி கட்டிக்கிட்டு வந்து தெருத்தெருவா இனாமா ஊத்துனான். மொகத்தைச் சுளிச்சுக்கிட்டுக் குடிச்ச சனம், இப்ப விடிஞ்சதும் டீத்தண்ணிக்கு அலையுது. அதைப் பாத்துத்தான் மொதல் கை இனாம்னு கத்துனேன். ஒருத்தியும் கிட்ட வரல. ஊசின்னா பயம். சின்னப்புள்ள ஒண்ணு அழுவாம கையக் காட்டிருச்சுன்னா பெரியவளுக வெக்கப்பட்டுக்கிட்டு உக்காருவாளுக. உங்க மக பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்துச்சு.

— தேளு குத்திக்கிட்டா காட்டுல தேளு கொட்டாதுன்னு சொன்னீங்களாம்.

— அது... சும்மா சொல்றதுதானுங்க. கேக்கறவங்களுக்குப் புடிக்கும்.

— எம்புள்ள நம்பிருச்சுங்க. சாமைக் காட்டுல அவ ஆத்தாளைத் தேளு கொட்டி, ராவெல்லாம் துடிச்சதைப் பாத்த புள்ள. அந்தப் பயத்துலதான் கைய நீட்டிருக்குது.

— கவுண்டரே, அன்னைக்கே எங்களை நாலு வார்த்தை வைய வேண்டியதுதானே? பேசாமக் கூட்டிக்கிட்டுப் போனீங்களே!

— புள்ள சிரிச்சுக்கிட்டு இருந்துச்சுங்க. போற வழியெல்லாம் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டுது. ஊடு போயிச் சேர்றதுக்குள்ள கழுவிரலாம்னு நெனச்சேன். ஓடையில போட்டு மண்ணு வெச்சுத் தேச்சேன். அப்பத்தான் அது அழுதுச்சு.

— இது போவாதுங்க. அகத்திக்கரி மை தோலுக்கு அடியில எறங்கிருச்சுன்னா அவ்வளவுதான். நகையெல்லாம் பொணத்துமேல இருந்து கழட்டிருவாங்க, பச்சையை எவனும் கழட்ட முடியாது, செத்தாலும் கூடவே வரும்... இப்பிடிச் சொல்லிச் சொல்லித்தான் நான் குத்தறதே. என் வாய்க்கு என்ன செய்யறது!

— அப்ப உரிச்சாலும் போவாது.

— உரிச்சா புள்ளதாங்க போயிரும். வேணாம் சாமி, அந்தப் பேச்சே வேணாம். இப்ப எங்க இருக்குது புள்ள?

— இத்தனை நாளா மாட்டுக் கொட்டாயில படுக்குதுங்க. அவ ஆத்தா சோத்தை எலையில வெச்சுத் தள்ளிவிடறா. முந்தாநேத்து பேய்மழை. ஆத்தா, கையத் துணியில சுத்திக்கறேன், உள்ள வரட்டுமான்னு கேக்குது. இவ கதவுக்கு உள்ள உக்காந்து அழுவறா. நான் எந்தப் பக்கம் உக்காருவேன்?

— ஊருல பெரியவங்ககிட்டப் பேசிப் பாக்கலீங்களா? புள்ள தெரியாமச் செஞ்சது, நாங்க குத்துனதுன்னு சொல்லக் கூடாது? நான் வேணா வந்து சொல்றேன், அவங்க கால்ல விழறேன்.

— ஊர்க்கவுண்டர் நல்லவருதானுங்க. கண்ணு கலங்கித்தான் சொன்னாரு. மலைக்குக் கீழே, கீழ்நாட்டுல யாருகிட்டயாச்சும் புள்ளைய விட்டுட்டு வா, நீயும் உம்பொண்டாட்டி பெருமாயியும் தலை முழுகிட்டு ஊட்டுல இருங்கன்னாரு.

— விடலைன்னா?

— எங்க மூணு பேருக்கும் மலையில தண்ணியும் இல்ல, நெருப்பும் இல்ல. காட்டுல ஏர் பூட்டப்படாது. ஆடித் திருவிழாவுல அறப்பளி கோயில் சாமியப் பாக்க முடியாது. செத்தா தூக்க ஆளு வராது.

— எப்ப விடணுமாம்?

— இன்னைக்குங்க. பொழுது சாயறதுக்குள்ள. அதோ, மலைக்குப் போற காரவள்ளிப் பாதை முக்குல, வேப்பமரத்தடியில நிக்குதே, அதுதான். பக்கத்துல நிக்கறவதான் பெருமாயி.

— தெரியுது, தெரியுது. அம்மாம் பெரிய மூட்டையா? சின்னப்புள்ளைக்கு ஏதுங்க அத்தனை துணி?

— இருக்கறதையெல்லாம் கட்டிக்கிட்டா.

— கவுண்டரே, நான் வெச்சுக்கறேன். எனக்குப் புள்ள இல்ல. என் கையால செஞ்சதுக்கு நானே ஆத்தாளா இருந்துட்டுப் போறேன்.

— வெச்சுக்கிட்டு என்னங்க செய்வீங்க?

— கேளுங்க கவுண்டரே, அதை நான் சொல்றேன். சோத்துக்கு ஒரு கொறையும் வெக்கமாட்டோம். துறையூரு, ராசிபுரம், எந்தச் சந்தைக்குப் போனாலும் கடைக்கு முன்னால ஒரு சாக்கை விரிச்சு உக்காத்தி வெச்சாப் போதும். கையை நீட்டிக்கிட்டு இருக்கட்டும். வாலு கோணுனா என்ன, மேல இன்னொரு தரம் ஊசி ஓட்டிரலாம். இன்னொரு கை சும்மாத்தான இருக்குது? அதுல ஒரு மயிலு, ஒரு கோலம். பாக்கற சனம் தானா வரும். தமுக்கும் வேணாம், நோட்டீசும் வேணாம்.

— யோவ்! உன் வாயில மண்ணு விழ! பெத்தவன் முன்னால பேசற பேச்சா இது?

— என்ன புள்ள, நல்லதுக்குத்தான சொன்னேன்? சும்மா உக்காத்தி வெச்சுச் சோறு போட நாம என்ன மிட்டா மிராசா?

— அவரை வையாதீங்க அம்மிணி. கெட்ட மனசோட சொல்லல. எங்க ஊருக்கு அது தீட்டு, இவருக்கு அது கடைப் பலகை. எம்புள்ளையப் புள்ளையா யாரும் பாக்கலீங்க.

— நான் பாக்கறேன் கவுண்டரே. கையெடுத்துக் கும்பிடறேன், இந்த ஆளு சொல்ற மாதிரி நடக்க விடமாட்டேன். இனி அது கையில ஊசி படாது. போயிக் கூட்டியாங்க. பொழுது எறங்குது, நீங்க ரெண்டு பேரும் மலையேற வேண்டாமா?

— மை மீதி இருக்குதுங்களா?

— மையா? அதான் சொன்னனே சாமி, ஊசியால குத்துனதை ஊசியால எடுக்க முடியாதுங்க.

— எடுக்கறதுக்கு இல்லீங்க. இந்தாங்க என் கை. அதே தேளு, எம்புள்ளையோடது மாதிரி வாலைக் கோணலாவே போடுங்க. இனாம் வேணாம், காசு கொண்டாந்திருக்கேன். எனக்கு முடிஞ்சதும் பெருமாயி வந்து உக்காருவா.