மகாராணியின் குடுமி

சில்க்கிக் கோழியை முதன்முதலாகக் கையில் வாங்குகிறவர்கள் எல்லோரும், இது கோழியா பூனைக்குட்டியா என்றுதான் கேட்பார்கள். நீங்களும் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள் அம்மா. இறகு மாதிரியே இருக்காது, பிரித்துப்போட்ட தலையணைப் பஞ்சு மாதிரி இருக்கும். பஞ்சை விலக்கினால் உள்ளே தோல் கன்னங்கரேல். காலில் ஐந்து விரல். மற்றக் கோழிகளை எல்லாம் செய்து முடித்த கடவுள், மிச்சம் மீதியை வைத்து மத்தியானத்தில் விளையாட்டாகச் செய்த கோழி இது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்த நாற்காலி வேண்டாம், ஊசி கிடக்கும். முக்காலியில் உட்காருங்கள். அப்பாவின் வீட்டைக் காலி செய்ய வந்தீர்கள், மாடியில் சத்தம் கேட்டது, ஏறி வந்துவிட்டீர்கள். இது சேவலா என்று கேட்கிறீர்கள். நேரான கேள்வி. நேராகவே பதில் சொல்வேன், ஆனால் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

நான் பிழைப்பது தையலில். உயிரோடு இருப்பது இந்தக் கோழிகளால். மொட்டைமாடி அறைக்குக் குடி வந்தபோது வீட்டு ஓனர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "பெட்டைன்னா எத்தனை வேணும்னாலும் வச்சுக்கம்மா. சேவல் ஒரு தடவை கூவுச்சு, கூண்டு முதல்ல இறங்கும், பின்னாடியே நீ இறங்குவே." கெட்டவர் இல்லை. எதிர்வீட்டில் ஏசியைப் போட்டு, ஜன்னலை இழுத்து மூடித் தூங்குகிறவர். தூக்கத்தின் மேல் அவருக்கு அப்படி ஒரு பக்தி.

சிக்கல் என்னவென்றால், சில்க்கியில் எது பெட்டை எது சேவல் என்று நாலைந்து மாதம் ஆனாலும் அடித்துச் சொல்ல முடியாது. பெட்டைக்கு உச்சிக் குடுமி பவுடர் பஞ்சு மாதிரி உருண்டையாக நிற்கும். சேவலுக்கு அதே குடுமியில் ஈர்க்கு ஈர்க்காக நாலு முடி பின்னால் நீண்டு, பைக்கில் பறக்கிறவன் தலை மாதிரி இருக்கும். நெற்றிக் கொண்டை அகலமாகும், தாடை தொங்கும், நடையில் ஒரு மிடுக்கு வரும். இத்தனையையும் பார்த்துப் பெட்டை என்று முடிவு செய்து, முட்டைக்காகக் காத்திருந்து அசடு வழிந்தவர்கள் உண்டு. முட்டை போட்டால் பெட்டை, கூவினால் சேவல். அதற்கு முன்னால் எல்லாம் அவரவர் நம்பிக்கை.

என் நம்பிக்கை, இவள் பெட்டை என்பது. மகாராணி என்று பெயரும் வைத்துவிட்டேன். என் மடியில் தூங்கி, என் தையல் மெஷின் சத்தத்தில் வளர்ந்தவள். ஒரு விடியற்காலையில் கூண்டுக்கு மேல் ஏறி நின்று கழுத்தை நீட்டிக் கூவினாள். தொண்டையில் ஏதோ கோளாறு என்று முதலில் சுக்கு நீர் கொடுத்துப் பார்த்தேன். மறுநாள் இன்னும் தெளிவாகக் கூவினாள்.

வேறு யாராக இருந்தாலும் கறிக்கடைக்குக் கொடுத்திருப்பார்கள். ஓர் உயிரைக் கொல்ல எனக்கு மனசு வராது. ஆகவே ஜாக்கெட் கழுத்து வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, பின்னால் நீண்ட முடியை எல்லாம் நறுக்கி, குடுமியை உருண்டையாக்கினேன். நெற்றிக் கொண்டை அதற்குள் மறைந்துவிட்டது. பெட்டைகளே பொறாமைப்படும் அழகு. கழுத்தை நீட்டாமல் சேவலால் வாய்விட்டுக் கூவ முடியாது என்பதால், தாழ்வான பெட்டி ஒன்று செய்து, துணி சுற்றி, பொழுது சாய்ந்ததும் அதில் அடைத்தேன். தெருவுக்குச் சத்தம் போகவில்லை. தரை வழியாக இறங்கி, நேர் கீழே உங்கள் அப்பாவின் கட்டிலுக்கு மட்டும் போயிருக்கிறது. அவருக்கும் கீழே இருப்பது குடோன். ஆக, உலகத்திலேயே அதைக் கேட்டது அவர் ஒருவர்தான்.

அவர் வந்து கேட்டார். சேவல் கூவுதா தங்கச்சி என்றார். இல்லையே அண்ணா, எல்லாம் பெட்டை என்றேன். அடுத்த வாரமும் கேட்டார். நாலு முட்டையைக் கையில் கொடுத்து அனுப்பினேன். வயசானவர், சத்தாகச் சாப்பிடட்டும் என்றுதான். பிறகு அவர் ஓனரைப் பார்த்தபோது, உங்களுக்கும் கேக்குதா என்று வாய்தவறிக் கேட்டுவிட்டார். ஓனர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே வந்தார். தொடப் பயம். தூர நின்றே ஒவ்வொரு குடுமியாகப் பார்த்தார்.

"எல்லாம் பொம்பளைங்க மாதிரிதான் இருக்கு" என்றார். மகாராணியைக் காட்டி, "அதுலயும் இது ரொம்ப அடக்கம்" என்றார்.

அன்று படியிறங்கும்போது ஓனர் உங்கள் அப்பாவின் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். குழந்தையைத் தட்டுவது போல.

உங்களுக்குப் போன் செய்தது நான்தான், அது உங்களுக்கே தெரியும். அதில் ஒரு பொய்யும் இல்லை. அப்பாவுக்கு இல்லாத நேரத்தில் கோழிச் சத்தம் கேட்கிறதாம் என்றேன். கேஸை மூடினோமா என்று இரண்டு தடவை போய்ப் பார்க்கிறார் என்றேன். பார்க்கத்தான் செய்தார். நானும் பார்ப்பேன், நீங்களும் பார்ப்பீர்கள். நீங்கள் அழுதீர்கள். எனக்கும் கண் கலங்கியது.

கடைசியாக ஒரு நாள் அவர் டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தார். ரேடியோ ரிப்பேர் பார்த்தே உங்களைப் படிக்க வைத்தவர், அவர் வீட்டில் அதற்கு என்ன பஞ்சம். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே முக்காலியில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"புகார் சொல்ல வரலை தங்கச்சி. கூவினா கூவிட்டுப் போகட்டும், நல்லாத்தான் கூவுது, எனக்கும் பேச்சுத்துணை மாதிரி இருக்கு. ஓனர்கிட்ட மூச்சு விடமாட்டேன். என் காது சரியா இருக்கான்னு மட்டும் தெரியணும். நீ ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

பட்டனை அழுத்தினார். மகாராணி கூவினாள். பெட்டிக்குள்ளிருந்து கூவினாலும் எவ்வளவு சுத்தமான குரல் தெரியுமா. கேட்க எனக்கே பெருமையாக இருந்தது.

"ஒண்ணும் கேக்கலையே அண்ணா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். சத்தத்தைக் கூட்டினார். மறுபடியும் போட்டார். நான் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, மெனக்கெட்டுக் கேட்டேன். சும்மா இரைச்சல்தான் வருது அண்ணா என்றேன். மூன்றாவது தடவை அவர் போடவில்லை. இதை உங்க பொண்ணுகிட்ட போட்டுக் காட்டாதீங்க, பயந்துடும் என்று சொல்லி, படிவரை கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டேன். கை சில்லென்றிருந்தது. அவர் அதை யாருக்கும் போட்டுக் காட்டவில்லை என்று நினைக்கிறேன். சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்.

ஆமா என்று ஒரு வார்த்தைதானே, சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். நானும் யோசித்தேன். சொல்லியிருந்தால், நாளைக்கு ஓனர் கேட்கும்போது அவர் எனக்காகப் பொய் சொல்ல வேண்டியிருக்கும். அவ்வளவு நல்ல மனுஷரை அந்தப் பாவத்தில் இழுத்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

அதற்கடுத்த மாதம் நீங்கள் அவரை முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போனீர்கள். பெட்டியைக் கட்டிக் கொடுத்ததே நான்தான். எனக்கு ஒரு அத்தை இருந்திருந்தா உங்கள மாதிரிதான் இருந்திருப்பாங்க என்று சொன்னீர்களே, அந்த வார்த்தையை நான் மறக்கவே மாட்டேன்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், இது சேவல்தான். அப்பாவின் காதில் ஒரு குறையும் இல்லை. புத்தியிலும் அப்போது ஒரு குறையும் இல்லை.

வாரம் தவறாமல் அவரைப் போய்ப் பார்க்கிறேன், அது உங்களுக்குத் தெரியாது. முட்டை கொண்டுபோவேன். ரொம்ப அமைதியாகிவிட்டார். மழை பெய்தால்கூட, பெய்கிறதா என்று பக்கத்துக் கட்டில்காரரைக் கேட்டுவிட்டுத்தான் ஜன்னலை மூடுகிறாராம். போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் யாருக்கும் கேட்காதபடி மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, எனக்கு ஒரு பொண்ணு இருக்கா இல்ல? இல்ல அதுவும் நானா நினைச்சுக்கிட்டதா?"

இருக்கா அண்ணா, நிச்சயமா இருக்கா என்றேன். தேவையில்லாமல் பொய் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.