நாற்பத்தொரு கிலோ

மத்தியானம் பன்னிரண்டே முக்கால். போன வருடம், சித்திரை வெயில். பரந்தனில் இருந்து முல்லைத்தீவு போகிற வீதி... விசுவமடு தாண்டி, வீடு வாசல் இல்லாத ஒரு நேர்த் துண்டு. ஒரு நாய்கூட இல்லை.

என்ன சிரிக்கிறீர்கள்? நடுச்சாமம், சுடலை, ஊளை... அதுதானே வேண்டும் உங்களுக்கு? இருட்டில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓடிவிடலாம். பட்டப்பகலில், கண்ணுக்கு முன்னால், இலக்கமாக வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? படங்கை இழுத்து நெல்லை மூடிவிட்டுக் கிட்ட வந்து இருங்கள். நிஷாந்தன் இன்றைக்குக் காவலுக்கு வரவில்லை, அதனால்தான் சொல்கிறேன். இருந்தால் வாயைத் திறக்க விடமாட்டான். நடந்தது அவனுடைய பெரியப்பா மகன் கிருசாந்தனுக்கு.

கிருசாந்தன் உருத்திரபுரத்தில் இரண்டு டிப்பர் ஓடவிட்டு உழைத்தவன். உழைத்ததில் பாதி காருக்குத்தான். முதலில் நீல இம்ப்ரெசா ஒன்று வைத்திருந்தான். இரண்டு வருடம் ஓடிவிட்டு, அதை முல்லைத்தீவு றொசானுக்கு விற்று, வெள்ளை ஈவோ ஒன்று வாங்கினான். இரண்டையும் சொந்தமாக வைத்து ஓடியவன் என்பதால் தன் வாயில் இருந்து வருவதுதான் தீர்ப்பு என்று அவனுக்கு நினைப்பு. "இம்ப்ரெசா வயித்துக்குள்ள கதைக்கும். ஈவோ பல்லைக் கடிச்சுக்கொண்டு ஓடும்" என்பான். சத்தத்துக்கு இம்ப்ரெசா, வளைவுக்கு ஈவோ, வேகத்துக்கும் ஈவோ... தேத்தண்ணிக் கடையில் கேட்டவன், கேளாதவன் எல்லோருக்கும் இதே கதை.

றொசான் ஒரு நாள், "கதையை விட்டிட்டு ஓடிக் காட்டு மச்சான்" என்றான். அந்த நேர்த் துண்டில் ஓடினார்கள். மத்தியானத்தில்தான். அந்த நேரம் எல்லோரும் சோற்றுக்கு முன்னால் இருப்பார்கள், மாடும் நிழலில் படுத்துவிடும். நின்ற இடத்தில் இருந்து நூறு வேகம் பிடிக்க ஈவோவுக்கு ஐந்து தசம் ஒன்று செக்கன். இம்ப்ரெசாவுக்கு நாலு தசம் எட்டு. தான் விற்ற காரிடமே தசம் மூன்று செக்கனால் தோற்றுப்போனான்! அன்றைக்கு இரவு அவன் சாப்பிடவில்லை.

சைலன்சரை மாற்றினான். காற்று இழுக்கும் குழாயை மாற்றினான். வவுனியாவில் இருந்து ஒருவர் மடிக்கணினியோடு வந்து என்ஜினின் மூளையையே திருத்திக் கொடுத்துவிட்டுப் போனார். இனி மிஞ்சியது பாரம். பாரத்தைக் குறைக்க நட்டுக் கழற்றும் ஒரு சாவி போதும். பின் சீற், நிலத்து விரிப்பு, மேலதிகச் சில்லு, ஜாக்... ஒவ்வொன்றாகக் கழற்றினான். கடைசியில் சாரதிக்குப் பக்கத்துச் சீற்.

அவனுடைய மனைவி ரஜிதாவுக்கு அப்போது ஏழாம் மாதம். கலியாணம் முடித்து ஆறாவது வருடம், எத்தனை கோயில், எத்தனை டொக்டர் பார்த்துத் தங்கிய பிள்ளை.

"இஞ்சருங்கோ, அந்தச் சீற்றையும் கழட்டினா என்னை எங்க இருத்தப் போறீங்கள்? வலி கிலி வந்தா?"

"ஞாயிறு ஓடி முடியத் திருப்பிப் பூட்டிடுவன். வலி வந்தா ஒம்பது நிமிசத்தில ஆசுபத்திரி வாசல்ல நிப்பன், பாரன்."

ரஜிதாவின் தகப்பன் ராஜரத்தினம் நெல் வியாபாரி. அவருடைய களஞ்சியத்தில் நெல் மூடை நிறுக்கும் டிஜிற்றல் தராசு நாலு இருந்தது. கிருசாந்தன் பலகை போட்டுக் காரை ஏற்றி, சில்லுக்கு ஒரு தராசாக வைத்தான். அப்படி நிறுத்தால் மொத்தப் பாரம் மட்டுமல்ல, எந்த மூலையில் எவ்வளவு இருக்கிறது என்பதும் தெரியும். கழற்ற முன் ஆயிரத்து நானூற்று இருபது. கழற்றிய பின் ஆயிரத்து முந்நூற்று இருபத்தெட்டு. தொண்ணூற்றிரண்டு கிலோ குறைச்சல்! துள்ளிக்கொண்டு போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் நான் முதலில் சொன்னது.

றொசான் நேர்த் துண்டின் அந்தப் பக்க முனையில் காத்திருந்தான். இவன் காரைத் திருப்பிக்கொண்டு மெதுவாக வருகிறான். ஒரு பாலை மரம். அதன் கீழே ஒரு பெண். முப்பது வயது இருக்கும். சொட்டச் சொட்ட நனைந்த சீலை... மழை பெய்து இரண்டு மாதம். கையில் ஒரு துவாயை, பிள்ளையை அணைத்துப் பிடிப்பது போலப் பிடித்திருந்தாள். ஆனால் துவாய் தொய்ந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

கையை நீட்டினாள். எங்கள் பக்கத்தில் கை நீட்டினால் நிறுத்துவதுதானே. நிறுத்தினான்.

"தம்பி, ஆசுபத்திரியில விடுவீங்களோ?"

"சீற் இல்லை அக்கா, பாருங்கோவன். பின்னால பஸ் வரும்."

அவள் குனிந்து உள்ளே பார்த்தாள். ஆசுபத்திரி டெற்றோல் மணமும் ஈரத்துணி மணமும் சேர்ந்து வந்தது.

"சீற் வேண்டாம் தம்பி. கீழ இருக்கிறன்."

இவன் மனதில் என்ன ஓடியது தெரியுமா? மூன்று கிலோ குறைக்க ஜாக்கைக் கழற்றியவன்... ஒரு ஆளை ஏற்றுவதா? அதுதான் ஓடியது. பிறகு தன் வாயாலேயே நிஷாந்தனுக்குச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டான். "இல்லையக்கா" என்று சொல்லிவிட்டுக் கிளட்சை விட்டான். கொஞ்சத் தூரம் போய்க் கண்ணாடியில் பார்த்தான். மரம் நின்றது. மரத்தடியில் யாரும் இல்லை.

அந்த வீதியால் கடைசிச் சண்டைக் காலத்தில் யார் யார், எதைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஓடினான். ஐந்து தசம் நாலு. முன்பைவிட மோசம்! றொசான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மச்சான், நீ கழட்டினது சீற்றையோ என்ஜினையோ?"

நேரே களஞ்சியத்துக்கு வந்து தராசில் ஏற்றினான். இறங்கி நின்று பார்த்தான். ஆயிரத்து முந்நூற்று அறுபத்தொன்பது. நாற்பத்தொரு கிலோ கூட. கூடியது முழுவதும் இடது பக்கத்தில்... சீற் இருந்த பக்கத்தில். தராசு பிழை என்று இடதில் இருந்ததை வலதிலும் வலதில் இருந்ததை இடதிலும் மாற்றி வைத்தான். இலக்கம் மாறவில்லை. குனிந்து பார்த்தான். வெறும் தகரம். கையை வைத்தான். அந்த வெயிலிலும் தகரம் குளிர்ந்திருந்தது.

ராஜரத்தினம் வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இலக்கங்களைப் பார்த்தார். கூடி நின்ற பாரம் நாற்பத்தொன்று... நாற்பத்தொன்று தசம் ஒன்று... மறுபடி நாற்பத்தொன்று... ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"தம்பி, நெல்லு வைச்சா இலக்கம் செத்தமாதிரி நிக்கும். ஆடு வைச்சாத்தான் இப்பிடி ஆடும், அது மூச்சு விடுறதால. காருக்குள்ள என்ன விட்டிருக்கிறாய்?"

கிருசாந்தன் காரைத் தராசில் இருந்து இறக்கினான்.

நடந்ததை அவரிடம் சொல்லியிருக்கலாம். ஒரு ஐயரையோ பாதரையோ கூப்பிட்டிருக்கலாம். குறைந்தது அந்த மரத்தடிக்குப் போய் ஒரு மெழுகுதிரியாவது கொளுத்தியிருக்கலாம். மடையன், மறுபடி சாவியைத்தான் எடுத்தான். கதவின் உட்பக்கப் பலகை, ஏசி, ஒலிபெருக்கி... ஒவ்வொரு ஞாயிறும் கழற்றினான், நிறுத்தான். கார் இளைத்துக்கொண்டே போனது. கழற்றியதைக் கணக்குப் பார்த்துக் கழித்தால், அந்த நாற்பத்தொன்று மட்டும் அப்படியே இருந்தது.

"சீற்றைப் பூட்டுங்கோ" என்று ரஜிதா மூன்று தரம் கேட்டுவிட்டாள். "நாளைக்கு, நாளைக்கு" என்றான். உண்மையில் அவனுக்குப் பயம். வெறும் தகரமாக இருந்தால் யாரும் இல்லை என்று நினைத்துக்கொள்ளலாம். சீற்றைப் பூட்டினால், அதில் யாரோ இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடுமே.

வைகாசி கடைசி. அன்றைக்கும் மத்தியானம்தான். ரஜிதாவுக்கு எட்டாம் மாதத்திலேயே தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது.

"அம்புலன்சுக்கு அடியுங்கோ!"

"அது வர முதல் நான் உன்னைக் கொண்டுபோய் விட்டிடுவன். எழும்பு!"

பயம் ஒரு பக்கம், தன் காரில் உள்ள நம்பிக்கை ஒரு பக்கம். நம்பிக்கைதான் வென்றது. அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து கதவைத் திறந்தபோதுதான் சீற் இல்லாதது அவனுக்கு உறைத்தது. தலையணை எடுக்க ஓடினான். திரும்பி வந்தால், அவள் ஏறித் தகரத்தில் குந்திவிட்டாள். 

"கீழ இருக்கிறன். நீங்கள் போங்கோ."

அதே சொல். தலையணையை அவள் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டு ஏறினான்.

ஓட்டினான். வாழ்நாளில் அப்படி ஓட்டியதில்லை. டர்போ விசிலடிக்கிறது, பலகை கழற்றிய கதவு கடகடக்கிறது, சூட்டில் றப்பர் மணக்கிறது... அதற்கு மேலால் மெல்ல மெல்ல டெற்றோல் மணம். ரஜிதா கண்ணை மூடிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தாள். வாய்க்கால் வளைவு தாண்டியதும் சொன்னாள்:

"அக்கா, கொஞ்சம் அரக்கி இருங்கோ... எனக்குக் காலை நீட்ட வேணும்."

"ஆரோட கதைக்கிறாய்? ரஜி! ஆரோட கதைக்கிறாய்?"

அவள் காலை நீட்டினாள். யாரோ இடம் விட்டதுபோல நீட்டினாள். பிறகு முனகல் நின்றது. முகம் தெளிந்துவிட்டது.

"அவசரப்படாதேங்கோ. அக்கா பிள்ளையை வாங்கிட்டா."

திரும்பிப் பார்த்தான். தலையணை. தகரம். ரஜிதாவின் வயிறு அப்படியே பெரிதாகத்தான் இருந்தது.

ஒன்பது நிமிடம். சொன்னபடி ஆசுபத்திரி வாசலில் நிறுத்தினான். பத்து நிமிடத்தில் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. இரண்டு கிலோ நூறு கிராம். கை, கால், மூக்கு, முழி எல்லாம் வடிவாக இருந்தது... மூச்சு மட்டும் இல்லை.

"நேரத்துக்குத்தான் கொண்டு வந்திருக்கிறீங்கள்" என்றார் டொக்டர். "ஏன் எண்டு எங்களுக்கும் சொல்லத் தெரியேல்லை."

ரஜிதா அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அக்கா எங்க?"

பிள்ளையை அடக்கம் பண்ணிய மறுநாள் கிருசாந்தன் காரைக் களஞ்சியத்துக்குக் கொண்டுபோனான். விற்கத்தான் நினைத்திருந்தான். ஏனோ தராசில் ஏற்றினான். கழித்துப் பார்த்தான்.

நாற்பத்தொன்று இல்லை. நாற்பத்து மூன்று கிலோ நூறு கிராம்.

அந்த இடத்திலேயே நெல் மூடைகளுக்கு நடுவில் விழுந்து புரண்டு கத்தினானாம். "தசம் மூண்டு செக்கன், மாமா! தசம் மூண்டு செக்கனுக்காக ஒரு மனுசியை றோட்டில விட்டிட்டு வந்தனான்!" ராஜரத்தினத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருமகனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவரும் அழுதார்.

காரை விற்கவில்லை. ஓட்டவும் இல்லை. எட்டுச் சந்திக்கும் கேட்கிற அந்தச் சத்தத்தை மாதத்தில் ஒரு நாள் மட்டும்தான் ஊர் கேட்கும். களஞ்சியத்துக்குப் போவான், தராசில் ஏற்றுவான், இலக்கத்தைப் பார்ப்பான். முதல் மாதம் நாற்பத்து மூன்று தசம் எட்டு. அடுத்த மாதம் நாற்பத்து நாலரை. இப்படிக் கூடிக்கொண்டே போனது. கடைசியில் ரஜிதாவிடம் சொன்னான். சொல்லாமல் எத்தனை நாள் இருப்பான்? அதுவரை ஒரு வாய் சோறு ஒழுங்காகத் தின்னாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவள், எழும்பிக் குளித்தாள். கிளினிக்கில் பிள்ளைக்கென்று முன்கூட்டியே வாங்கி வைத்த நிறை அட்டையை எடுத்துக்கொண்டு, அடுத்த மாதம் தானும் வந்தாள். தராசுக்கு முன்னால் கதிரை போட்டு இருந்து, நாற்பத்தொன்றைக் கழித்து, மிச்சத்தை அட்டையில் புள்ளியாகப் போட்டாள். மற்றப் பிள்ளைகளின் அட்டையில் ஏறுவது போலவே கோடு ஏறியது.

இந்தத் தை மாதம் பலகை பிடிக்க ஆள் இல்லை என்று நிஷாந்தனைக் கூப்பிட்டார்கள். பின்னேரம் நாலு மணி, நல்ல வெளிச்சம். கார் தராசில். கண்ணாடி ஏற்றி, கதவு நாலும் பூட்டி, மூன்று பேரும் வெளியே. சிவப்பு இலக்கங்கள்... இடது பக்கத்தில் நாற்பத்தெட்டு கூட. ரஜிதா ஏழு கிலோவுக்கு நேரே புள்ளி வைத்தாள். பேனையை இன்னும் மூடவில்லை.

இடது பக்க இலக்கம் இறங்கத் தொடங்கியது. மெல்ல... விட்டு விட்டு... நாற்பத்தொன்றுக்கு வந்து நின்றது. அதே நேரம் வலது பக்கத்துப் பின் தராசில் இலக்கம் ஏறியது. ஒன்று... மூன்று... கொஞ்சம் நின்றது... ஐந்து... ஏழு. காருக்குள்ளே தகரத்தில் உள்ளங்கை படுவது போலச் சின்னச் சின்னச் சத்தம். தப்... தப்... தப்.

நிஷாந்தன் பலகையைப் போட்டுவிட்டு ஓடினான். அதற்குப் பிறகு அவன் தராசு இருக்கிற இடத்துக்கே வருவதில்லை. ஓடும்போது பின்னால் ரஜிதாவின் குரல் கேட்டதாம். எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் சிரித்தாளாம்.

"இஞ்சருங்கோ... ஓடி வந்து பாருங்கோவன். தவழத் தொடங்கிட்டான்."