கை இருக்கா?

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். நீங்கள் எப்போதும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருபவர். நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து உடம்பை இடது பக்கம் லேசாகச் சாய்த்து வைத்திருக்கிறேன். சிரமமில்லை, ஒன்பது வருடப் பயிற்சி. தேநீருக்கு நன்றி. சர்க்கரை அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பொய் சொல்வதில்லை.

என் மைத்துனன் இறந்ததை விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். மேஜை மேல் தலைகீழாக நின்றவன் விழுந்தான், கழுத்து முறிந்தது, நாற்பது பேர் பார்த்தார்கள், நாற்பது பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். உங்களுக்கு இவ்வளவு சுலபமான வேலை அடிக்கடி வராது. அதைக் கெடுக்க வந்திருப்பதற்கு மன்னிக்க வேண்டும்.

அவன் என் மனைவியின் தம்பி. என்னைவிட ஏழு வயது இளையவன். டயர் கடைக்கு மேல் மாடியில் யோகா வகுப்பு நடத்தினான். "மூச்சை ஆழமா இழுங்க" என்பான். இழுத்தால் ரப்பர் வாசனை வரும். "உள்ளுக்குள்ள என்ன தெரியுது?" என்று கேட்பான். எனக்கு ஒரு லாரி தெரியும். ஆனால் ஆட்கள் வந்தார்கள். அவனுடைய குரல் அப்படி. பஸ் போய்விட்டது என்று அவன் சொன்னால்கூட நல்ல செய்தி போல இருக்கும்.

நான் கடைகளில் எடை இயந்திரங்களைச் சோதித்து முத்திரை போடுகிறவன். இருபத்தாறு வருடமாக, தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியவர்களையும், கட்டைவிரலால் மெல்ல அழுத்தி நிறுப்பவர்களையும் பிடித்து வந்திருக்கிறேன். குனிந்து குனிந்து முதுகு போயிற்று. "என் தம்பிகிட்ட போங்களேன், நாங்களும் கொஞ்சம் நிம்மதியா இருப்போம்" என்றாள் மனைவி. அந்த இரண்டாம் பாதியை நான் அப்போது கவனிக்கவில்லை.

அவன் செவ்வாய்க்கிழமைகளில் ஆசனம் முடிந்ததும் கால் மணி நேரம் பேசுவான். யோகம் படிக்கிறவன் முதலில் கைக்கொள்ள வேண்டிய ஒழுக்கங்கள் ஐந்து என்று பழைய நூல்களில் இருக்கிறதாம். வாரத்துக்கு ஒன்று. முதல் வாரம் எந்த உயிருக்கும் தீங்கு செய்யாமை. எனக்கு அன்றைக்கு ஜலதோஷம், போகவில்லை. இரண்டாவது வாரம் வாய்மை.

"உள்ளது எதுவோ அதைச் சொல்லுங்க. பொய் சொல்ற மனசு ஒரு பக்கமா சாயும். உடம்பும் கூடவே சாயும்" என்றான்.

எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. தராசே வாயைத் திறந்து பேசியது போல இருந்தது. அன்றைக்கே விரதம் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய், மனைவியின் சமையலைப் பற்றிப் பதினெட்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. மனசு பஞ்சாகிவிட்டது.

பிறகு அலுவலகம். தலைச்சாயம் பின்பக்கம் எட்டவில்லை என்று மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் என்னை மீன் சந்தைப் பிரிவுக்கு மாற்றினார். பிறகு மகள். அவள் கட்டிக்கொள்ள இருந்த பையன் ஒருநாள் வீட்டுக்கு வந்தான். அவளுக்கு முன்பு யார் மேல் எண்ணம் இருந்தது, எத்தனை நாள் அழுதாள் என்பதையெல்லாம் தேதிவாரியாக அவனுக்குச் சொன்னேன். கல்யாணம் நின்றது. அவள் என்னோடு பேசி மூன்று வருடம் ஆகிறது. மௌனமும் ஒரு பயிற்சிதான். என்னைவிட நன்றாகச் செய்கிறாள்.

அடுத்த வீட்டில் ஒரு சைக்கிள் கடைக்காரர் இருந்தார். அவருக்கு ஆறு மாதம்தான் என்று டாக்டர் சொன்னதை வீட்டார் மறைத்து வைத்திருந்தார்கள். அவர் என்னைப் பார்த்து, "கொஞ்சம் தேறிட்டேன் இல்ல சார்?" என்று கேட்டார். கேட்டவருக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா? அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தார். ஆக, அந்த ஆறு மாதக் கணக்கும் தப்புதான். அதையும் அவர் மனைவியிடம் சுட்டிக்காட்டினேன்.

அன்றைக்கு என் மைத்துனன் வீட்டுக்கு வந்தான். முதல் தடவையாக அவன் குரலில் கொஞ்சம் மண் கலந்திருந்தது.

"அத்தான், வாய்மை ரெண்டாவதுதான். முதல்ல யாரையும் நோகடிக்காம இருக்கணும். அது இருந்தாத்தான் இதுக்கு அர்த்தம். நீங்க அந்த வாரம் வரல இல்ல?"

"ஜலதோஷம், மாப்ளே."

"அதான் அத்தான். உங்க ஜலதோஷத்துக்கு ஊரே தும்முது."

யாரிடமாவது கேட்டு அந்தப் பாடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வேலை மும்முரத்தில் விட்டுப்போயிற்று.

இப்போது கை விஷயம். இது உங்கள் அறிக்கையில் இல்லை, ஆகவே கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன்.

சிரசாசனம் தெரியும் அல்லவா? தலையைத் தரையில் ஊன்றி, முன்கைகளால் அணை கொடுத்து, காலை மேலே தூக்கி நிற்பது. புதிதாகச் செய்பவருக்குப் பின்னால் ஒருவர் நின்று கணுக்காலைப் பிடித்துக்கொள்வார். தலைகீழாக நிற்பவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. சாக்ஸ் போட்ட காலில் பட்டதும் படாததும் ஒன்றுதான். அதனால், "கை இருக்கா?" என்று கேட்பார். பிடிப்பவர், "இருக்கு" என்பார். சில நாள் கழித்து, பிடிப்பவர் மெல்லக் கையை எடுத்துவிடுவார். "கை இருக்கா?" "இருக்கு." ஆள் ஆடாமல் நிற்பார். இறங்கிய பிறகு, "நீங்க தனியாத்தான் நின்னீங்க" என்று சொன்னால் எல்லாரும் கைதட்டுவார்கள். என் மைத்துனன் சமநிலை சொல்லிக்கொடுத்த முறையே இதுதான். வாய்மையைப் பற்றி அவ்வளவு பேசியவனின் வகுப்பு முழுக்க ஒரு பொய்யின் மேல் தலைகீழாக நின்றது.

பின்னால் நிற்கும் வேலையை என்னிடம் கொடுத்தான். நான் கையை எடுத்ததும், "இல்ல" என்றேன். வங்கிக்கார அம்மா விழுந்தார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் விழுந்தார். பல் டாக்டர் விழுந்தபோது இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு விழுந்தார். "சார், ஒரு பேச்சுக்காவது இருக்குன்னு சொல்லக் கூடாதா?" என்று அழாத குறையாகக் கேட்டார். கூடாது என்றேன். அடுத்த வாரத்திலிருந்து ஜமுக்காளம் மடிக்கும் வேலை எனக்கு.

வருத்தமில்லை. ஏனென்றால் நான் தனியாக நிற்பவன். முதல் வருடமே நின்றுவிட்டேன். மைத்துனன்தான் எனக்குப் பின்னால் நிற்பான். "கை இருக்கா?" என்று கேட்பேன். "இல்ல அத்தான், நீங்களாத்தான் நிக்கிறீங்க" என்பான். பொய்யில்லாத மனது சாயாது என்பதற்கு நானே சாட்சி என்று நினைத்துக்கொள்வேன். எட்டு வருடம், வாரம் மூன்று நாள், அப்படி நின்றேன். வெளியே என்ன நடந்தாலும், யார் பேசாமல் போனாலும், தலைகீழாக அந்த ஐந்து நிமிடம் எனக்குப் போதுமாக இருந்தது.

போன மாதம் பல் டாக்டர் போனில் ஒரு வீடியோ எடுத்துக் காட்டினார். "சார், கம்பம் மாதிரி நிக்கறீங்க பாருங்க." பார்த்தேன். கம்பம் மாதிரிதான் நின்றேன். சாக்ஸ் போட்ட கணுக்காலுக்குப் பின்னால் இரண்டு விரல்கள் இருந்தன. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். "இல்ல அத்தான்" என்று அவன் சொல்லும்போதும் இருந்தன. கட்டைவிரலால் தட்டை அழுத்தும் கடைக்காரனைப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்கிறவன் நான். என் காலிலேயே எட்டு வருடம் இரண்டு விரல்.

வீட்டில் மனைவியிடம் கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நான்தான் சொன்னேன். டேய், கையை மட்டும் எடுத்துடாதடா, அவர் அங்க விழுந்தா வீட்டுக்கு வந்து எங்க மேல விழுவாருன்னு. அவன் பாவம், சரி அக்கான்னான்."

அவளுக்கு நன்றி சொன்னேன். உள்ளதைச் சொன்னதற்கு. அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னங்க, அவன்கிட்ட எதுவும் கேட்டுடாதீங்க" என்றாள். கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது பொய்யில் சேராது.

வகுப்பு தொடங்கிப் பத்து வருடம் ஆனதற்கு விழா வைத்தார்கள். மேஜை போட்டு அதன் மேல் சிரசாசனம் செய்து காட்ட வேண்டும் என்று பல் டாக்டர்தான் ஆரம்பித்தார். என் மைத்துனனுக்கு இரண்டு வருடத்துக்கு முன் பைக்கிலிருந்து விழுந்து கழுத்தெலும்பு நகர்ந்திருந்தது. தலைகீழாக நிற்கவே கூடாது என்று எலும்பு டாக்டர் சொல்லியிருந்தார். அது அவனுக்கும் அவன் அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். வகுப்புக்குத் தெரிந்தால் வகுப்பு கலைந்துவிடும் என்று பயந்தான். பார்த்தீர்களா, இன்னொரு பொய்.

காலையில் பத்து மணிக்கு விழா. ஒன்பதே முக்காலுக்கு என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டான். கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

"அத்தான், நீங்கதான் பின்னாடி நிக்கணும்."

"பல் டாக்டர் நிக்கிறேன்னாரே."

"அவர் என்னைச் சந்தோஷப்படுத்தறதுக்காக எதையாவது சொல்லுவார். நீங்க அப்படியில்ல. கேட்டா உள்ளதைச் சொல்லுவீங்க. கைய மட்டும் எடுத்துடாதீங்க, கழுத்து ஒரு மாதிரி இருக்கு."

"நான் உனக்குப் பின்னாடிதான் நிப்பேன், மாப்ளே" என்றேன். அது உண்மை. கடைசி வரைக்கும் பின்னால்தான் நின்றேன். மற்றதைப் பற்றி நான் வாக்குக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

என் கையைப் பிடித்து ஒரு தரம் அழுத்தினான். "நீங்க இருக்கீங்கன்னா எனக்குப் பயமில்ல அத்தான்."

மேஜை மூன்றடி உயரம். மூன்றடி அதிகமில்லை, நம் வீட்டுக் கட்டிலிலிருந்து விழுவது மாதிரி. ஆனால் தலை முதலில் போகிறவருக்குக் கணக்கு வேறு. மேலே ஏறினான், தலையை ஊன்றினான், கால்கள் சீராக எழுந்தன. அழகாகச் செய்தான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். நான் பின்னால் ஒரு முக்காலி மேல் ஏறி நின்று, இரண்டு கணுக்கால்களையும் முழுக் கையால் பிடித்துக்கொண்டேன். இரண்டு விரலால் இல்லை. எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். முதல் வரிசையில் என் மனைவி. அவள் தன் தம்பியைப் பார்க்கவில்லை; என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நிமிடம் ஆயிற்று. அவன் கால் என் கைக்குள் நடுங்கத் தொடங்கியது. மிக மெல்லிய குரலில், எனக்கு மட்டும் கேட்கும்படி, "அத்தான், கை இருக்கா?" என்றான்.

கை தானாக நழுவிவிட்டதா என்று உங்கள் ஆட்கள் அன்றைக்கு என்னிடம் கேட்டார்கள். நான் பதில் சொல்வதற்குள், "பாவம், அதிர்ச்சியில இருக்கார்" என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன். நழுவவில்லை. வியர்க்கவும் இல்லை. அவன் கேட்ட நொடியில் இரண்டு கையும் இருந்தன, உறுதியாக. எட்டு வருடம் அவன் எனக்குச் சொன்ன அந்த ஒரு சொல்லை அவனுக்கு நான் ஒரு தடவை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். "இல்ல" என்று. ஆனால் கையை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? ஒன்பது வருட விரதம் அது. அதனால் முதலில் கையை எடுத்தேன். எடுத்து, இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, அதற்குப் பிறகுதான் சொன்னேன். அது கேட்டதும் ஒரு தரம் "அத்தான்" என்றான்.

அந்த ஒரு நொடி இடைவெளியை மட்டும் அறிக்கையில் விட்டுவிடாதீர்கள், ஐயா. விட்டால் நான் பொய் சொன்னதாக ஆகிவிடும்.